சிறுதேரும் பந்தய வண்டியும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பனவாம். நபிகள் நாயகத்தின் மீதும் முகியித்தீன் ஆண்டகை மீதும் பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் இவ்விலக்கிய வகையை வளப்படுத்தியுள்ளனர். தமிழ் வகுப்பில் பயிலும் மாணவர் இப்பருவங்களின் பெயர்களை வரிசை பிறழாமல் ஒப்பித்து விடுவர். ஆனால் அந்தச் சிறுதேரைச் செய்தவர் யார், அதற்கு எத்தனை சக்கரங்கள், அது எவ்வாறு ஓடியது என்று கேட்டால் வகுப்பறை அமைதியாகிவிடும். இவ்வினாக்களிலிருந்து தொடங்கி, இன்று தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, வண்டலூர் எனப் பரந்து கிடக்கும் நம் புறநகர்ப் பகுதியில், பிள்ளைகளோடு அமர்ந்து மரத்தால் ஒரு சிறு பந்தய வண்டி செய்வது எவ்வாறு என்பது வரை இக்கட்டுரை செல்கிறது.

தொண்டை நாட்டுத் தச்சர்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகளைப் பாடியவர். இரண்டிலும் குழந்தைகளின் சிறுதேர் வருகிறது. சோழநாட்டுக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், முற்றத்தில் உலரும் தானியத்தைக் கவர வந்த கோழியின்மீது மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அந்தக் கனத்த பொற்குழை, சிறுவர் குதிரையின்றி உருட்டி வரும் தேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. புலவர் அந்நகரின் செல்வத்தைச் சொல்ல வந்தவர். போகிறபோக்கில் அத்தேருக்குக் கால்கள் மூன்று என்றும் சொல்லிவிடுகிறார். இந்த மூன்றைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

மற்றொன்று பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது. ஆகவே நாம் வாழும் இத்தொண்டை மண்டலத்தின் பாட்டு. அதில் மருத நிலத்து வளமான இல்லங்களின் புதல்வர், ஏறிச் செல்ல இயலாத அழகிய சிறுதேரை உருட்டி உருட்டித் தளர்ந்து, செவிலித்தாயிடம் பால் அருந்தி உறங்குகின்றனர். அத்தேரின் சிறப்பைச் சொல்லும்போது, தச்சருடைய பிள்ளைகளும் விரும்பும்படி செய்யப்பட்டது என்று புலவர் குறிக்கிறார். மரவேலையை நாள்தோறும் கண்டு வளரும் தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு மரப்பொம்மை புதிதன்று. அவனையே ஆசைப்பட வைத்த பொம்மை என்றால் அதன் வேலைப்பாட்டுக்கு வேறு சான்று வேண்டியதில்லை. எனினும் இவ்விடத்தில் ஓர் ஐயம் எழாமல் இல்லை. தேர் உருட்டியவன் உழவர் வீட்டுப் பிள்ளை; அதைக் கண்டு ஏங்கியவன் அதனைச் செய்த கைகளுக்கு உரியவரின் பிள்ளை. செய்பவன் ஒருவன், விளையாடுபவன் வேறொருவன் என்னும் பிரிவு அன்றே இருந்திருக்கிறது.

குறுந்தொகையின் அறுபத்தொன்றாம் பாடலிலும் தச்சன் செய்து தந்த சிறுவண்டி உண்டு. அதன்மேல் ஏறி ஊர்ந்து மகிழ இயலாவிடினும், கையால் இழுத்துச் சென்றே சிறுவர் இன்புறுவர் என்று தும்பிசேர் கீரனார் அதனை உவமையாக்குகிறார். வடமொழியின் மிருச்சகடிகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் தமிழாக்கியபோது மண்ணியல் சிறுதேர் என்றே பெயரிட்டார். அந்நாடகத்தில் வறுமையுற்ற சாருதத்தனின் மகன், அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன்தேரைக் கண்டபின் தன் களிமண் தேர் வேண்டாம் என்று அழுகிறான். வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி அம்மண் வண்டியில் நிரப்புகிறாள். கடைவீதியில் தொலையியக்கிக் காரின் முன் நின்று அழும் குழந்தையையும் பணப்பையைத் திறக்கும் பெற்றோரையும் காணும்போது அந்தக் காட்சி நினைவுக்கு வரும்.

பிள்ளை தானே செய்த வண்டி

இலக்கியத்தில் மிகுதியாக இடம்பெறாத வண்டி ஒன்று உண்டு. அது நுங்கு வண்டி. நுங்கைத் தோண்டித் தின்றபின் எஞ்சும் கூந்தல் இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகினால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. கவை உள்ள நீண்ட கோல் ஒன்றை அச்சின்மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். தச்சன் வேண்டா, காசும் வேண்டா. எந்தக் குச்சி வளையும், எது முறியும், கவை எவ்வளவு அகலமாக இருந்தால் அச்சு நழுவாது என்பனவற்றைப் பிள்ளை தன் கையாலேயே அறிந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர் என்று ஓர் ஊரே இருக்கும் அளவுக்குப் பனை நிறைந்த நிலம் இது. இன்றும் கோடையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நுங்கு விற்கிறது. கூந்தல்கள் குவியலாகக் குப்பைக்குப் போகின்றன. அவற்றில் இரண்டைக் கேட்டு வாங்கும் பிள்ளைகளைத்தான் காணோம்.

இதில் ஒரு முரண் உண்டு. நம் புறநகரம் கார் பிறக்கும் நிலம். வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1988 வரை இயங்கியது. 1960களில் தெருக்களில் ஓடிய ஹெரால்டு கார்கள் அந்நிறுவனத்தின் படைப்பு. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை 2022 வரை கார்களைக் கட்டியது. பந்தயத்துக்கும் குறைவில்லை. உலகப் போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் பல்லாண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தளம் அமைந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி காரின் இயந்திரத்தைக் கொண்டு நம் நாட்டிலேயே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவருடைய ஃபார்முலா மாருதியில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா நான்கு கார்கள் சீறின.

இப்பகுதிச் சிறுவனுக்குக் கார்களின் பெயரெல்லாம் தலைகீழ்ப் பாடம். முகப்பு விளக்கைக் கண்டே எந்த நிறுவனம் என்பான். ஆனால் ஒரு சக்கரத்தை அச்சில் கோத்துப் பார்த்ததில்லை. அவனே பின்னாளில் இயந்திரப் பொறியியல் வகுப்பில் சேர்ந்து, பட்டறைப் பயிற்சியில் முதன்முறையாக அரத்தைத் தொடுகிறான். பதினெட்டு வயதில் முதன்முறை! இது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு நேர்ந்துள்ள இழப்பு என்பதைச் சமுதாயப் பெரியோர் சிந்திக்க வேண்டுகிறேன். கைவேலை தாழ்ந்தது என்னும் எண்ணம் நம் வீடுகளில் சொல்லாமலே கற்பிக்கப்படுகிறது.

ஒரு தந்தையின் ஏற்பாடு

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மன்ஹாட்டன் பீச் என்னும் ஊரில் டான் மர்ஃபி என்பவர் இருந்தார். விமான நிறுவனம் ஒன்றில் கலைப்பணியாளர். குருளைச் சாரணர் குழு ஒன்றுக்கும் பொறுப்பாளர். சிறுவர் தாமே அமர்ந்து சரிவில் ஓட்டும் சோப்புப்பெட்டி வண்டிப் பந்தயத்தில் அவருடைய பத்து வயது மகனுக்கு வயது போதாமையால் இடமில்லை. ஆகவே மர்ஃபி அதே பந்தயத்தைக் கையளவுக்குச் சுருக்கினார். ஒரு பைன் மரத்துண்டு, நான்கு சக்கரம், அச்சுக்கு நான்கு ஆணி. ஒவ்வொரு சிறுவனும் அவற்றைக் கொண்டு ஒரு வண்டி செதுக்கி, சரிவான பலகையில் விட வேண்டும். இயந்திரம் இல்லை, புவியீர்ப்பே ஓட்டுநர். முதல் பந்தயம் 1953ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் நடந்தது. அது பைன்வுட் டெர்பி என்னும் பெயரில் நாடெங்கும் பரவியது. மரத்துண்டு ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீளம். முடிந்த வண்டியின் எடை 5 அவுன்சை, அதாவது ஏறத்தாழ 142 கிராமை மிஞ்சலாகாது என்பது வழக்கமான விதி.

தந்தையும் மகனும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பதே மர்ஃபியின் விருப்பம். நடந்தது என்ன? பல வீடுகளில் தந்தையே உழைத்தார், மகன் வேடிக்கை பார்த்தான். பந்தய நாளில் கண்ணாடிபோல் மின்னும் வண்டிகளுக்கு நடுவே, தானே செதுக்கிய கோணல் வண்டியோடு ஒரு பிள்ளை தலைகுனிந்து நிற்கும் நிலை வந்தது. பெரும்பாணாற்றுப்படையில் கண்ட அதே பிரிவுதான். தச்சன் இருந்த இடத்தில் தந்தை வந்து நின்றுவிட்டார்.

பெண்பிள்ளைகள் பற்றியும் ஒரு சொல். பிள்ளைத்தமிழ் மரபில் சிறுதேர் ஆண்பிள்ளைக்கு உரியது. பெண்பிள்ளைக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும். அமெரிக்கக் குருளைச் சாரணரும் 2018 வரை பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இலக்கிய மரபை இலக்கியத்தில் போற்றுவோம். உளியும் அரமும் எடுக்கும்போது வீட்டுப் பெண்பிள்ளைக்கும் ஒரு மரத்துண்டு தருவதில் எந்த மரபும் கெடாது.

மரமும் கருவியும்

இனிச் செய்முறை. முதலில் மரம். தேக்கு வேண்டா. விலை ஒருபுறம் இருக்க, அது சிறு கைக்குக் கடினம், கனமும் மிகுதி. 18 சென்டிமீட்டர் நீளம், 4.5 அகலம், 3 உயரமுள்ள பைன் கட்டை ஏறத்தாழ 110 கிராம் இருக்கும். அதே அளவுத் தேக்கு செதுக்கும் முன்னரே விதியின் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். தொழிற்சாலைகளுக்குப் பொருள் ஏற்றிவரும் பெட்டிகளிலும் அடித்தட்டுகளிலும் பைன் பலகை கிடைக்கிறது. பழைய மரக்கடைகளில் அதனை மலிவாக வாங்கலாம். முடிச்சு இல்லாத, ஆணி முழுதும் பிடுங்கப்பட்ட துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். சன்னபட்டணத்துப் பொம்மைக் கைவினைஞர் கடைசலுக்குப் பயன்படுத்தும் வெட்பாலை மரமும் மென்மையானதே.

கருவிகள் அதிகமில்லை: கைரம்பம், மர அரம், சிறு உளி, துளையிடும் டிரில், மூலைமட்டம், முரடும் நுண்மையுமான உப்புத்தாள். இவற்றோடு கட்டையை மேசையில் இறுக்கிப் பிடிக்கும் வைஸ் அல்லது கிளாம்பு. பிள்ளைகளின் கைக்காயங்கள் பலவற்றுக்குக் காரணம் கருவியின் கூர்மை அன்று, வேலைப்பொருள் அசைவதே. மழுங்கிய உளியும் கூர் உளியைவிட ஆபத்தானது. அதனை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும்.

புதிதாகச் செய்வோர் முதலில் உருவத்தைச் செதுக்கிவிட்டுப் பிறகு அச்சுத் துளை இட முனைவர். தச்சுக்குப் பழகியவர் அவ்வாறு செய்யார். கட்டை நாற்சதுரமாக, பக்கங்கள் நேராக இருக்கும்போதே மூலைமட்டம் வைத்துக் கோடு கிழித்து அச்சுத் துளைகளை இட்டுவிட வேண்டும். வளைந்த பக்கத்தில் நேர்த்துளை இடுவது பெரியவருக்கே அரிது. அச்சுக்குச் சைக்கிள் கம்பி ஏற்றது. கம்பி தளர்வாகச் சுழலுமளவு குழல் ஒன்றை, காலியான பேனா ரீஃபிலோ இளநீர் உறிஞ்சும் குழலோ எது பொருந்துமோ அதனை, துளைக்குள் செருகிவிட்டால் மரத்தோடு கம்பி உராயாது. சக்கரத்துக்குக் கனமற்ற புட்டி மூடிகளோ, உருளைத் தடியிலிருந்து அறுத்த வட்டத் துண்டுகளோ போதும். வட்டத்தின் நடுவைச் சரியாகக் கண்டு துளையிடுவதில்தான் பொறுமை தேவை. நடு பிசகிய சக்கரம் நொண்டும்.

பின்னர்த்தான் உருவம். பக்கவாட்டுத் தோற்றத்தைப் பிள்ளை தாளில் வரைந்து கட்டையில் ஒட்டட்டும். வேண்டாத பெரும்பகுதியை ரம்பத்தால் அறுத்து நீக்கியபின், அரத்தால் வளைவுகளை உருவாக்க வேண்டும். மரத்தின் நாரோட்டத்தை உணர்வது இங்கே தொடங்குகிறது. நாரோடு சேர்ந்து செதுக்கினால் சீவல் சுருளாக வரும்; எதிர்த்துச் செதுக்கினால் மரம் பிய்ந்து வரும். இதனைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, இருமுறை பிய்ந்தால் கை அறிந்துகொள்ளும். ஆறேழு வயதினர் உப்புத்தாள் தேய்க்கலாம், வண்ணம் பூசலாம். எட்டு, ஒன்பதில் அரம் பிடிக்கலாம். பத்து வயதுக்குமேல், பெரியவர் அருகிருக்க, ரம்பமும் உளியும். மரத்தை அழுத்திப் பிடிப்பது மூத்தவர் கையாகவும் கருவியைப் பிடிப்பது பிள்ளையின் கையாகவும் இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை மூத்தோர் கடைப்பிடிப்பது உளியைத் தீட்டுவதைவிடக் கடினம். பிள்ளை திணறுவதைக் காணுந்தோறும் தந்தையின் விரல்கள் அரத்தை நோக்கி ஊர்வதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

எடையும் உராய்வும்

செதுக்கியபின் வண்டி இலேசாகிவிடும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, குறையும் எடையை இரும்பு நட்டுகளாலும் வாசர்களாலும் ஈடுசெய்யலாம். தூண்டிலுக்குப் பயன்படும் ஈயக்குண்டைச் சிலர் நாடுவர். அது கூடாது; ஈயம் பிள்ளைகளின் உடலுக்குக் கேடு. வண்ணமும் ஈயம் கலவாததாகவே இருக்க வேண்டும்.

அந்த எடையை எங்கே வைப்பது? பின்பக்கம். சரிவின்மேல் வண்டி நிற்கும்போது அதன் பின்பகுதியே உயரத்தில் இருக்கிறது. எடையின் நடுப்புள்ளி எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறதோ அவ்வளவு ஆற்றல் வேகமாக மாறும். ஒரு கணக்கைப் பார்ப்போம். 30 பாகைச் சரிவில் எடையின் நடுப்புள்ளியை 2.5 சென்டிமீட்டர் பின்தள்ளினால் அது 1.25 சென்டிமீட்டர் உயர்கிறது. மொத்த இறக்கம் 1.2 மீட்டர் என்றால் ஆற்றல் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கும், வேகம் அதில் பாதியும் கூடும். 10 மீட்டர் ஓட்டத்தில் இது நான்கைந்து சென்டிமீட்டர் முந்துதலைத் தரும். பந்தயத்தை முடிவு செய்ய அதுவே மிகுதி. ஆயினும் அளவு மீறினால் முன்சக்கரம் தரையில் ஊன்றாமல் வண்டி தள்ளாடும். பின்னச்சுக்கு 2.5 சென்டிமீட்டர் முன்பாக, விரல்மேல் வைத்தால் வண்டி சமநிலையில் நிற்குமாறு அமைப்பது பழகியவர் வழக்கம்.

அடுத்தது உராய்வு. எண்ணெய் தூசியைச் சேர்க்கும். ஆகவே கிராஃபைட் தூள் நல்லது. ஓவியர் பயன்படுத்தும் மென்மையான பென்சிலின் கூரைத் தேய்த்தெடுத்த தூளை அச்சில் பூசலாம். அச்சுக்கம்பியை முன்னரே நுண்ணிய உப்புத்தாளால் மெருகிட்டிருக்க வேண்டும். வண்டி நேராக ஓடுகிறதா என்று பார்க்க, தரைஓட்டின் கோட்டின்மேல் வைத்து மெல்லத் தள்ளிவிட்டாலே தெரிந்துவிடும். மூன்று மீட்டர் தொலைவில் ஒரு சாணுக்குமேல் விலகினால் அச்சு கோணல் என்று பொருள்.

இப்போது பட்டினப்பாலையின் மூன்று காலுக்கு வருவோம். நான்கு கால் முக்காலி மேடுபள்ளமான தரையில் ஆடும். மூன்று கால் உள்ளது ஆடாது, ஏனெனில் எம்மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில் அமையும். காவிரிப்பூம்பட்டினத்து மண்தெருவில் மூன்று சக்கரத் தேர் எப்போதும் தரையைத் தொட்டே ஓடியிருக்கும். நம் வீடுகளில் குழந்தை நடைபழகும் நடைவண்டிக்கும் மூன்றே சக்கரம். இன்றைய பைன்வுட் டெர்பியில் தேர்ந்தவர்கள் நான்கு சக்கரம் பூட்டினாலும் முன்சக்கரம் ஒன்றை நூலிழை உயர்த்தி, தரையைத் தொடாதவாறு செய்வர். சுழலாத சக்கரம் ஆற்றலைத் தின்னாது. எஞ்சிய மூன்றும் அசைவின்றி ஓடும். உருத்திரங்கண்ணனார் காலத்துத் தச்சர் இயற்பியல் சூத்திரம் எழுதியிருக்க மாட்டார். பிள்ளைகள் கையில் தேர் ஆடாமல் ஓட வேண்டும் என்பதை மட்டும் கண்டிருப்பார்.

பந்தயம்

சரிவுக்குத் தனிச்செலவு தேவையில்லை. எட்டடி ஒட்டுப்பலகையை நீளவாக்கில் அறுத்து இரண்டு தடங்கள் ஆக்கலாம். அடுக்குமாடிகளின் வண்டி நிறுத்துமிடச் சரிவும் பள்ளிகளின் சக்கர நாற்காலிச் சரிவும் நம் பகுதியில் ஏராளம். எந்த இரண்டு தடமும் ஒன்றுபோல் இரா. எனவே ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு தடத்திலும் ஒருமுறை ஓடி, நேரங்களைக் கூட்டிப் பார்ப்பதே நேர்மை. பரிசுகளையும் வேகத்துக்கு மட்டும் வைத்துவிடலாகாது. செதுக்கலுக்கு ஒன்று, புதுமையான உருவத்துக்கு ஒன்று, முதற்சுற்றில் தோற்றுத் தானே கோளாறு கண்டு திருத்தி மறுசுற்றில் முந்திய வண்டிக்கு ஒன்று என வைக்கலாம். இந்த மூன்றாவது பரிசே என் கணிப்பில் முதற்பரிசு. அச்சில் சுற்றிய ஒரு தலைமுடியைக் கண்டெடுத்து நீக்கும் பிள்ளை, பாடநூலின் உராய்வு அதிகாரத்தை முழுதும் படித்தவனுக்குச் சமம்.

தந்தையரின் கையூறலுக்கும் அமெரிக்கக் குழுக்கள் சில வழி கண்டுள்ளன. மூத்தோருக்கென்று தனிப்பந்தயம் ஒன்றை அதே நாளில் நடத்துகின்றனர். நம் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் அதனை முதல் நிகழ்ச்சியாகவே வைத்துவிடலாம். பெரியவர்கள் தாங்கள் இழைத்து மெருகிட்ட வண்டிகளை ஓட்டி, வாதிட்டு, ஒருவரையொருவர் வென்று ஓய்ந்தபின், பிள்ளைகள் தம் கோணல் வண்டிகளோடு சரிவுக்கு வரட்டும்.